கிறவல் ரோட்டும் நாலு சைக்கிளும்

எங்கட பக்கம் "கிறவல்" என்றது ஒரு முறைப்பாட்டுச் சொல். "அங்க இன்னும் கிறவல் ரோட்டுத்தான்" என்று யாராவது சொன்னால் அதுக்குள்ள பல விசயம் அடங்கும். பஸ் போகாது. ஓட்டோக்காரர் வரமாட்டார், வந்தாலும் கூடக் கேட்பார். மட்டக்களப்பில் கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேணும். கிறவல் ரோட்டுப் பக்கம் சம்பந்தம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் இழுப்பார்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் இந்தச் சொல்லைத் தூக்கி மேடையில் வைப்பார்கள். எண்ணி முடிந்ததும் அது இறங்கித் திரும்ப ரோட்டுக்கே வந்துவிடும்.

இதே கிறவலுக்கு உலகத்தில் வேறு ஒரு மரியாதை இருக்கு. இத்தாலியில் கியாந்தி என்றொரு பக்கம், திராட்சைத் தோட்டமும் வைனும் பேர் போன மலைநாடு. அங்கே ஊருக்கு ஊர் போகிற பாதைகள் வெள்ளைக் கல்லுப் பாதைகள். அதெல்லாம் தாருக்குக் கீழே மறைந்துகொண்டு போவதைப் பார்த்த ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் 1997இல் கயோலே என்ற சின்ன ஊரில் ஒரு சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் வருசம் 92 பேர். பெயர் லெரோய்கா. 1987க்கு முந்தின பழைய ரேஸ் சைக்கிளில்தான் வர வேணும் என்பது அதன் சட்டம். இப்போது உலகம் முழுக்க ஆக்கள் அதற்காக விமானம் ஏறிப் போகிறார்கள். அதே வெள்ளைப் பாதைகளில் 2007 ஒக்டோபரில் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் தொடங்கியது, இன்றைக்கு ஸ்திராதே பியாங்கே என்று அழைக்கப்படுவது அதுதான். அமெரிக்காவில் கன்சாஸ் புல்வெளியில் 200 மைல் கிறவல் பந்தயம் நடக்கிறது. 2022இல் இதற்கென்று உலக சாம்பியன்ஷிப்பே வைத்துவிட்டார்கள், அதுவும் இத்தாலியின் இன்னொரு வைன் மாகாணத்தில்.

அந்த 2022இல் நாங்களும் கிறவல் ரோட்டில்தான் சைக்கிள் ஓடினோம். பெற்றோல் இல்லை என்பதால்.

அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். செட்டுக்குப் பக்கத்தில் நாள் கணக்காய் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் கிடந்த காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், பிறகு கியூஆர் வந்தது. வீட்டுக் கோடிக்குள் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் வெளியே வந்தன. புதுச் சைக்கிள் விலை ஏறிய ஏற்றத்தில் பழைய சைக்கிளுக்கு மாப்பிள்ளை மாதிரி மவுசு. எங்கள் நாலு பேரில் ஒருவனுக்கு அப்பாவுடைய ஏசியா பைக், ஒருவனுக்கு லுமாலா, ரெண்டு பெண்களுக்கும் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். நெருக்கடி ஒருமாதிரித் தணிந்து ஊர் மறுபடியும் மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. நாங்கள் மாறவில்லை. மாறக் காசும் இல்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. இப்போது வந்தாறுமூலை வளாகத்தில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். வகுப்பில்லாத சனிக்கிழமைகளில் மேற்கே போகிறோம்.

மேற்கே என்றால் என்னவென்று சொல்ல வேணும். சித்தாண்டி மட்டக்களப்பு நகரத்திலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர். அந்த வீதி காப்பெற் போட்டது, வழுவழுப்பானது, எங்களுக்குப் பயமானது. வேன்களும் லொறிகளும் சைக்கிளை ஒரு பொருட்டாக மதிக்கிறதில்லை. முருகன் கோயிலடியில் இருந்து மேற்குப் பக்கம் திரும்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கும். வீடுகள் குறையும். பிறகு வயல், ஆறு, ஆற்றுக்கு அங்கால பெருமாவெளி, ஈரளக்குளம். வானம் தெளிவாய் இருந்தால் தூரத்தில் குடும்பிமலை. இந்த மலைக்கு மூன்று பெயர். தமிழ் ஆக்கள் பார்த்தபோது அது குடுமி முடிந்த தலை. சிங்களத்தில் தொப்பிகல, தொப்பி வைத்த கல். வெள்ளைக்காரன் பார்த்துவிட்டுப் பிரபுவின் தொப்பி என்று பேர் வைத்தான். ஒரே பாறை, பார்த்தவன் தலையில் இருந்ததையே அதற்கும் போட்டுவிட்டிருக்கிறான். எங்களில் வரலாறு படிக்கிறவள் இதைச் சொல்லாமல் ஒரு பயணமும் முடிந்ததில்லை.

சித்தாண்டி – ஈரளக்குளம் பாதைதான் எங்களுக்கு மிக விருப்பம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட வேணும். வெயில் ஏறினால் கிறவலில் இருந்து வருகிற சூடு கீழேயிருந்தும் சுடும். முதலில் வயல்வெளி. எந்த மாசத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு நாடு. மாரி விதைப்பு முடிந்த கையோடு போனால் சேறும் கொக்கும். தை மாசம் பச்சை. வெட்டு முடிந்த பிறகு போனால் ஒட்டுத் தாள், வைக்கோல் மணம், அங்கங்கே புகை. வாடிகளில் காவலுக்குப் படுத்தவர்கள் எழும்பித் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருப்பார்கள். வாடி என்றால் நாலு கம்பு, மேலே ஓலை அல்லது தகரம், உள்ளே ஒரு பாய், ஒரு டோர்ச், இரவில் ஆனை வந்தால் கொளுத்த வெடி. அந்த ஆக்கள் எங்களைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எங்க மனே போறீங்க?"

சும்மா சைக்கிள் ஓடுறோம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் சும்மா யாரும் சைக்கிள் ஓடுவதில்லை. பால் கொண்டுவருவார்கள், விறகு கட்டுவார்கள், உர மூட்டையைக் கரியரில் வைத்துத் தள்ளுவார்கள். முதல் ரெண்டு மூன்று தரம் "பட்டி பாக்கப் போறம்" என்றோம், அதுதான் அங்கே விளங்குகிற காரணம். "ஆருட பட்டி?" என்று அடுத்த கேள்வி வந்ததும் அந்தக் கதை நின்றுபோனது. பிறகு உள்ளதையே சொன்னோம். ஒரு பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப படிப்பு முடிஞ்சிட்டா?" என்றார்.

சந்தனமடு ஆற்றைக் கடக்கிறது இந்தப் பாதையின் பெரிய வேலை. வெயில் காலத்தில் தண்ணி வற்றி மணல் தெரியும். சைக்கிளைத் தோளில் போட்டு இறங்கி நடக்கலாம், முழங்கால் அளவு. மருத மரங்கள் கரை நெடுக நிற்கும், அந்த நிழலில் தண்ணி குளிர்ந்து கிடக்கும். இறங்குகிற இடத்தைக் கட்டாயம் ஊராக்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மணல் அள்ளிய குழிகள் தண்ணிக்குக் கீழே இருக்கும், மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன மாசம் நடந்த இடத்தில் இந்த மாசம் ஆள் தாழும். மாரியில் ஆறு ஆளையே மாற்றிவிடும், தோணி இல்லாமல் வேலையில்லை. தோணிக்காரர் சைக்கிளுக்கு வேறாய்க் காசு வாங்கமாட்டார், ஆனால் நாலு சைக்கிளையும் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்.

ஆற்றுக்கு அங்கால ரோட்டு சிவப்பு. இதைத்தான் நாங்கள் கிறவல் என்கிறோம்: செம்மண்ணும் சின்னக் கல்லும் கலந்தது, மலைப்பக்கத்து மேட்டு நிலத்தில் வெட்டிக் கொண்டுவந்து கொட்டி உருளை விட்டு இறுக்குவார்கள். இறுகின புதுசில் அது தார் ரோட்டை விட நல்லது, சைக்கிள் மிதக்கும். பிறகு மழை வந்து அதில் உள்ள மெல்லிய மண்ணைக் கழுவிக்கொண்டு போகும், கல்லு மட்டும் பல்லுப் போல மிஞ்சும். வாகனம் வேகமாய் ஓடுகிற இடங்களில் ரோட்டின் குறுக்கே வரிவரியாய் அலை எழும்பும், கூரைத் தகடு மாதிரி. அது ஏதோ கெட்ட மண் என்று நினைத்திருந்தோம். இல்லை, வேகம்தான் காரணம்: ஒரு அளவுக்கு மேலே வேகம் கூடினால் சக்கரம் துள்ளும், துள்ளி விழுகிற இடத்தில் பள்ளம், பள்ளத்துக்கு முன்னால் மேடு, அடுத்த வாகனம் அதில் இன்னும் துள்ளும். மாட்டு வண்டில் மட்டும் ஓடின காலத்தில் இந்த அலை இருந்திருக்காது. டிப்பர் ஓடுகிற பாதையில் அது இருந்தே தீரும். அதில் லேடீஸ் சைக்கிளில் போய்ப் பாருங்கள், கூடையில் வைத்த தண்ணிப் போத்தல் தானாய் இறங்கி நடந்து போகும்.

காற்றைக் குறைத்து ஓட வேணும் என்பதை யூடியூப் பார்த்துத்தான் படித்தோம். வெளிநாட்டு ஆக்கள் அகலமான டயரில் காற்றைக் குறைத்துவிட்டு ஓடுகிறார்கள், கல்லு இடறாமல் டயர் அமுங்கிப் போகும். எங்கட மெல்லிய டயருக்கு அது ஓரளவுக்குத்தான் சரி. அதிகம் குறைத்தால் கல்லில் அடிபட்டு டியூப்பில் பாம்பு கடித்த மாதிரி ரெண்டு ஓட்டை விழும். ஆகவே ஒட்டுச் சாமான் கட்டாயம்: சொலூசன், பழைய டியூப் துண்டு, அரத்தாள், பம்ப். வழியில் கடை கிடையாது.

அந்த யூடியூப் ஆக்கள் ஓடி முடித்ததும் ஒரு பழைய கல்லு வீட்டு முற்றத்தில் இருந்து வைன் குடிப்பார்கள். எங்களுக்குத் திராட்சை இல்லை, வெள்ளாமைதான். குடிக்க ஒன்றும் கிடைக்காது என்று சொல்ல முடியாது, கசிப்பு கிடைக்கும், அதைப் பற்றி நாங்கள் எழுதப் போவதில்லை. எங்களுக்கு வாய்த்தது சட்டித் தயிர். எருமைத் தயிரை அகப்பையால் வெட்டி எடுத்தால் வெட்டின இடம் அப்படியே நிற்க வேணும், அதுதான் அதன் தரம். அதோடு சீனி, அல்லது காட்டுத் தேன். இதற்கு ஒரு லெரோய்கா வைக்கலாம்.

வேறு பாதைகளும் உண்டு. சந்திவெளியில் ஆற்றங்கரைக்குப் போய் ஓடத்தில் ஏறித் திகிலிவெட்டைக்கு இறங்கலாம், அங்கிருந்து உள்ளே ஓடலாம். கிரானில் பாலம் தாண்டிப் புலிபாய்ந்தகல் போய் அப்படியே கோராவெளி, குடும்பிமலைப் பக்கம் ஏறலாம். அது முழுநாள் வேலை, சாப்பாடும் தண்ணியும் கட்டிக்கொண்டு போக வேணும். பாலைப்பழக் காலத்தில் போனால் சாப்பாடு பாதி வழியிலேயே கிடைக்கும், ஆனால் பாலைப்பழம் கரடிக்கும் ஆனைக்கும் விருப்பம். எந்தப் பாதையென்றாலும் பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் ஆற்றுக்கு இங்கால வந்துவிட வேணும். ரோட்டில் ஆவி பறக்கிற லத்தியைக் கண்டால் அந்த இடத்திலேயே திரும்புவது எங்கட சட்டம், எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும்.

இனி, அமைதி. இந்த விளையாட்டைப் பற்றி எங்கே படித்தாலும் அந்தச் சொல் வரும். அமைதியான பாதை, வாகனம் இல்லாத பாதை, மணிக்கணக்காய் ஆளே சந்திக்காத பாதை. விளம்பரமே அதுதான். எங்கட பாதையும் அமைதியானதுதான். சில நேரம் ஒரு மணித்தியாலம் சங்கிலிச் சத்தமும் மயில் அகவுகிறதும் தவிர ஒன்றும் கேட்காது. ஆனால் அந்த அமைதி எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாராலும் ஓட முடியாது என்று நினைக்கிறோம். ரோட்டோரம் பற்றைக்குள்ளே ஒரு கிணற்றுக் கட்டு தெரியும். கிணறு இருந்தால் வீடு இருந்திருக்கும். தனியாய் ஒரு தென்னை நிற்கும், தென்னை தானாய்க் காட்டில் முளைக்காது. 2007இன் முதல் மாதங்களில் படுவான்கரையில் சண்டை நெருங்கியபோது மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இடம்பெயர்ந்து கிடந்தது. அந்த வருசம் யூலையில் குடும்பிமலை இராணுவத்திடம் விழுந்தது. மூன்று மாசம் கழித்துத்தான் இத்தாலியின் வெள்ளைப் பாதைகளில் அந்த முதல் பந்தயம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தெரியும். ஆனாலும் எங்களில் ஒருவன் இரண்டு திகதிகளையும் ஒரே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.

திரும்பி வந்தவர்கள் வந்தார்கள், வராதவர்கள் ரோட்டோரத்து ஊர்களில் தங்கிவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆனை, ரோட்டு, ஆளுக்கொரு காரணம். நாங்கள் படிக்கிற வளாகமே 1990இல் அகதி முகாமாய் இருந்தது, அந்த வருசம் செப்டெம்பர் 5இல் அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பவேயில்லை. அவர்களைத் தேடினவர்களின் ஊர்கள்தான் இந்தப் பிரதான வீதி நெடுக இருப்பவை. அமைதி என்றால் எங்கட வீடுகளில் அம்மம்மாக்களுக்கு நல்ல சொல் இல்லை. "ஊர் அமைதியாய்க் கிடந்திச்சு" என்று அவர்கள் சொன்னால் அடுத்த வசனம் கெட்ட வசனமாய்த்தான் இருக்கும்.

பெருமாவெளிக்கு அங்கால ஒரு கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு பலகை, அதில் நாலு போத்தல் பிஸ்கட், வெத்திலை, சோப்பு, ஒரு கேத்தில். அங்கேதான் எங்கட பெரிய வாக்குவாதம் தொடங்கியது. வாங்கில் இருந்த பெரியவரிடம் எங்களில் ஒருவன் ஆசையாய்ச் சொன்னான், இந்த ரோட்டு நல்ல வடிவு, இத்தாலியில் இப்படி ரோட்டைத் தார் போடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரர் காசு கட்டி வந்து ஓடுகிறார்கள் என்று.

பெரியவர் கோபப்படவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அவங்களுக்கு வேற ரோட்டு இரிக்கி மனே" என்றார். "அதால ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. இதால விளையாடுறாங்க. எங்களுக்கு இது ஒண்டுதான்."

அதற்குமேல் அவர் சொன்னது மாரிக் கதை. வெள்ளம் வந்தால் ஆற்றுக்கு அங்கால ஊர்கள் தீவு. கிரான் – புலிபாய்ந்தகல் பாதையில் வெள்ளம் பாய்ந்து படகு விடுகிற செய்தியை நீங்கள் அநேகமாய் எல்லா மாரியிலும் பார்த்திருப்பீர்கள். செய்தியில் வராத சின்னப் பாதைகளிலும் அதே கதைதான். வயிற்றுவலி வந்த மருமகளை உழவு இயந்திரப் பெட்டியில் படுக்க வைத்து, மேலே தறப்பாளைப் பிடித்துக்கொண்டு, ஆற்றங்கரையில் தோணிக்குக் காத்திருந்த இரவைச் சொன்னார். பிள்ளை பிழைத்தது. இப்போது நாலாம் வகுப்புப் படிக்குதாம். அந்தப் பிள்ளை அப்போது எங்கட சைக்கிளின் மணியை அடித்துக்கொண்டு நின்றது.

கடைக்கார அக்கா வேறு மாதிரிச் சொன்னா. "தார் போட்டா டிப்பர் பறக்கும். இப்ப குழி இரிக்கி, அதால மெதுவாப் போறான். என்ட ஆடு, மாடு, புள்ள எல்லாம் ரோட்டிலதானே நிக்கிது." பெரியவர் அதற்கு, "ரோட்டு வந்தா ஆக்கள் வருவாங்க, ஆக்கள் வந்தா ஆன வராது" என்றார். அக்கா, "ஆன ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் வரும், டிப்பர் நாளைக்கு நூறு தரம் வரும்" என்றா. கேத்தில் கொதித்துக்கொண்டே இருந்தது. எங்களை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

திரும்பி வருகிற வழி முழுக்க நாங்கள் நாலு பேரும் அதையே பிடித்துக்கொண்டோம், அதன்பிறகும் விடவில்லை. ஒருத்தி சொல்கிறாள், ரோட்டு வேணுமா வேணாமா என்று தீர்மானிக்கிற உரிமை அதில் மாரியில் மாட்டுப்பட்டவனுக்குத்தான், சனிக்கிழமை வந்து போகிறவனுக்கு இல்லை. இதில் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. ஆனால் அக்கா சொன்ன டிப்பர்? ரோட்டு போடுகிறபோது அது யாருக்காகப் போடப்படுகிறது என்பதையும் பார்க்க வேணும் என்கிறான் இன்னொருவன். ஆற்று மண் ஏற்றிக்கொண்டு போக வசதியாய் ஒரு ரோட்டு வந்து, ஆறு இன்னும் ஆழமாகி, தோணித்துறை இடிந்து, பஸ் மட்டும் வராமல் இருந்தால் அது எந்த ஊருக்கு ரோட்டு? எங்கட எண்ணம் இப்போதைக்கு இதுதான்: தாருக்கு முன்னால் தண்ணி. கிறவல் ரோட்டைத் தின்பது சக்கரத்தை விடத் தண்ணிதான். நடுவில் மேடாய், ரெண்டு பக்கமும் சரிவாய், ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணி குறுக்கே பாய்கிற இடத்தில் மதகு கட்டினால் கிறவலே பல வருசம் நிற்கும். அது இல்லாமல் தார் போட்டால் ரெண்டு மாரியில் தாரும் போய்விடும், ஓரம் உடைந்து அப்பளம் மாதிரிக் கையோடு வரும். அந்த மாதிரித் தார் ரோட்டில் சைக்கிள் ஓடுவதை விடக் கிறவலில் ஓடலாம். ஆற்றுக்குப் பாலமும் மதகும் முதலில், மேலே என்ன போடுவது என்பது பிறகு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அதத்தானே நாங்களும் சொல்லிச் சொல்லி வாய் ஒளையுது" என்றார்.

பெண்கள் ஓடுவதைப் பற்றியும் எழுதச் சொல்லி எங்களில் ரெண்டு பேர் வற்புறுத்துகிறார்கள். சித்தாண்டிக்குள் பெண் பிள்ளை சைக்கிள் ஓடுவது ஒரு புதினமும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் வகுப்புக்கும் எல்லாரும் அதில்தான் போனோம். புதினம் என்னவென்றால் காரணம் இல்லாமல் ஓடுவது. வகுப்புக்குப் போனால் சரி, கடைக்குப் போனால் சரி, சும்மா முப்பது கிலோமீற்றர் போய் ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் வீட்டில் அதற்குப் பெயர் இல்லை. காட்டுப்பக்கத்து ஊர்களில் ஆச்சரியமாய் இந்தக் கேள்வி குறைவு. அங்கே பெண்கள் இருட்டோடு எழும்பி மாடு கறந்து, பால் கேனைக் கொண்டுவந்து ரோட்டில் வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார்கள். ஒரு பெண் ரோட்டில் தனியாய் வருவது அவர்களுக்கு வேலை, செய்தி இல்லை. பிரதான வீதியில் மோட்டார் சைக்கிளைக் கிட்டக் கொண்டுவந்து கதை கேட்கிற பொடியன்கள் கிறவல் ரோட்டுக்கு வருவதில்லை, அவர்களுடைய சைக்கிள் பழுதாகிவிடுமாம். கிறவலின் நன்மைகளில் இதையும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

ஈரளக்குளத்துக்கும் அங்கால மேற்கே போனால் மேய்ச்சல் தரைகள். மயிலத்தமடு, மாதவணை. இந்தப் பெயர்களை நீங்கள் செய்திகளில்தான் கேட்டிருப்பீர்கள், எங்கட வீடுகளில் அது முதலில் மாட்டின் விலாசம். மாரியில் வயலெல்லாம் விதைப்பு நடக்கிற காலத்தில் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது, பயிரை மேய்ந்துவிடும். அதனால் பட்டிகளை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். வெட்டு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து ஒட்டுத் தாளில் மேய விடுவார்கள். வயலும் மாடும் ஒரே நிலத்தில் வருசம் முழுக்க இருக்க முடியாது என்பதற்கு முன்னோர் கண்ட வழி அது. அந்தத் தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் காடழித்துப் பயிர் செய்யத் தொடங்கியதும், மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் கிடந்ததும், 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் ரோட்டோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்ததும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் போனோம், நூறு நாள் தாண்டி, இருநூறு தாண்டி. அங்கே இருந்தவர்களில் சிலரை நாங்கள் முதலில் கண்டது கிறவல் ரோட்டில், பால் கேனோடு.

ஆகவே எங்கட பாதை அந்தப் பக்கம் ஒரு இடத்தில் முடிகிறது. வரைபடத்தில் முடியவில்லை. ரோட்டு போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அங்காலிருந்து வருகிற ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "இதுக்கு மேல போகாதீங்க மனே, ஆமி கேப்பான், ஏன் சோலி" என்பார். நாங்களும் போகவில்லை. வெளிநாட்டுக் கிறவல் வழிகாட்டிகளில் ஒவ்வொரு பாதைக்கும் ஏற்றம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, கல்லு எவ்வளவு என்று போட்டிருக்கும். எங்கே திரும்ப வேணும் என்பதை யார் சொல்லுவார் என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

இப்போது அந்த ஊர்களில் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. எப்படித் தொடங்கியதென்று நினைவில்லை. கடைக்கார அக்கா ஒருநாள் மருந்துத் துண்டு ஒன்றைத் தந்து, சித்தாண்டியில் வாங்கி வாற கிழமை கொண்டுவரச் சொன்னா. பிறகு ஒரு போன், திரை உடைந்தது, செங்கலடியில் கொடுத்துத் திருத்த. பிறகு ஒரு அப்பியாசக் கொப்பிக் கட்டு. நாலாம் வகுப்புப் பிள்ளை எங்களிடம் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டு, கடைசியில் சைக்கிள் மணி ஒன்று வேணும் என்றது. சைக்கிள் இல்லாதவளுக்கு மணி எதுக்கு என்று பெரியவர் அதட்டினார். இப்போது போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம். தயிர்ச் சட்டியைக் கிறவல் அலையில் உடையாமல் கொண்டுவருவதற்கு எங்களில் ஒருத்தி ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறாள், கூடைக்குள் வைக்கோல், அதன்மேல் பழைய சாரம், அதன்மேல் சட்டி. "எங்க மனே போறீங்க" என்று வாடிக்காரர் கேட்டால் இனிச் சொல்லுவதற்கு ஒரு பதில் உண்டு.

வாற சனிக்கிழமைக்கு: பிரஷர் குளிசை ஒரு மாதத்துக்கு, டோர்ச் பற்றரி ஆறு, நீலச் சோப்பு, மூன்று முழம் வலை, ஒரு மணி. மழை இன்னும் தொடங்கவில்லை, ஆற்றில் இறங்கலாம் என்று தோணிக்காரர் போனில் சொன்னார்.